நான் தபோதரன் இல்லை

பிராங்பேர்ட்
10.11.2024, ஞாயிறு, மாலை 4.20

திருமதி சிவமலர் அவர்களுக்கு,

தபோதரனுக்கு நீங்கள் எழுதிய ஏழாவது கடிதம் நேற்று வந்தது. முதல் ஆறையும் பிரிக்காமல் சப்பாத்துத் தட்டின் மேல் அடுக்கி வைத்திருந்தேன். இந்த முறை உறையின் வெளியிலேயே சிவப்பு மையால் ‘கள்ளா, திறந்து வாசி’ என்று எழுதியிருந்தீர்கள். திறந்தேன். அடுத்தவர் கடிதத்தைத் திறப்பது இந்த நாட்டில் குற்றம். தெரிந்துதான் திறந்தேன். பிறகு மற்ற ஆறையும் வாசித்தேன்.

நான் தபோதரன் இல்லை. என் பெயர் நிலக்சன். வயது இருபத்தொன்பது. லிப்ட் திருத்தும் வேலை. போன மார்கழியில் இருந்து இந்த வீட்டில் இருக்கிறேன். ஒப்பந்தம் தபோதரன் பெயரில். அவர் எனக்கு உள்வாடகைக்கு விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டார். வீட்டுக்காரருக்கு இது தெரியாது. அதனால் அழைப்பு மணியிலும் கடிதப் பெட்டியிலும் இன்னும் அவர் பெயரே இருக்கிறது. மாதம் பிறந்தால் அவருடைய வங்கிக் கணக்குக்கு வாடகையைப் போடுவேன். எங்களுக்குள் அவ்வளவுதான்.

கடிதங்களில் இருந்து எனக்கு விளங்கியது இது. நீங்கள் பதினைந்து பங்கு வைத்துச் சீட்டுப் பிடிக்கிறீர்கள். பங்குக்கு மாதம் நானூறு யூரோ. மாதம் ஒருவர் ஆறாயிரத்தை எடுப்பார். தபோதரன் இரண்டு சீட்டுப் போட்டார். இரண்டையும் தொடக்க மாதங்களிலேயே எடுத்தார். சித்திரை வரை கட்டினார், பிறகு ஆள் இல்லை. அன்றிலிருந்து அவருடைய மாத எண்ணூறையும் நீங்களே கட்டுகிறீர்கள். ஏனென்றால் சீட்டுப் பிடிப்பவர்தான் பொறுப்பு. கடைசிச் சீட்டு வருகிற தைப்பொங்கலுக்குத் தேவமலர் என்பவருக்குக் கொடுக்க வேண்டும். அதில் இரண்டாயிரம் குறைகிறது.

இது பிழையான அமைப்பு. லிப்டில் நாங்கள் முழுப் பாரத்தையும் ஒரு கம்பியில் தொங்கவிடுவதில்லை.

இன்னொன்று. உறையின் பின்பக்கத்தில் அனுப்பியவர் பெயர் ‘சில்வெஸ்டர்’. உள்ளே கையெழுத்து ‘சிவமலர்’. இப்படி இரண்டு பெயரில் காசு கேட்டு எழுதுகிறவர்களைப் பற்றி வங்கி அடிக்கடி எச்சரிக்கிறது. நீங்கள் யார்?

இனி இந்த விலாசத்துக்கு எழுத வேண்டாம்.

நிலக்சன்


எசன்
14.11.2024

தபோதரனுக்கு,

உம்மட கடிதம் கிடைச்சது. எழுத்து வடிவாய் இருக்கு. போனில தேன் ஒழுகக் கதைச்ச ஆள் கடிதத்தில கம்பியையும் லிப்டையும் காட்டுறீர். சித்திரையில என்ர போன் நம்பரை பிளொக் பண்ணினீர். கடிதத்தை பிளொக் பண்ண ஏலாதெண்டுதான் நான் எழுதத் தொடங்கினது. இப்ப உம்மையே பிளொக் பண்ணிப்போட்டு நிலக்சன் எண்டு வாறீர். நல்ல விளையாட்டு.

நான் ஆரெண்டு கேக்கிறீர். ஏழு மாசமாய் என்ர காசைத் திண்டுகொண்டிருக்கிறவருக்கு நான் ஆரெண்டு தெரியாதாம். சில்வெஸ்டர் என்ர மனுசன்ர பேர். அவர் செத்து இரண்டு வருசம். அதுக்கு மேல உமக்குத் தேவையில்லை.

தீபாவளிக்குப் பயத்தம் பணியாரம் செய்து பார்சலில அனுப்பினனான். கடன்காரனுக்குப் பணியாரம் ஏனெண்டு தேவமலர் என்னைப் பாத்துச் சிரிச்சவ. கடன் கேக்கிறதுக்கும் ஒரு முறை இருக்கு. பார்சல் திரும்பி வரேல்லை. நீர் தபோதரன் இல்லையெண்டால் என்ர பணியாரத்தைத் திண்டது ஆர்?

இந்த மாசம் முடியமுதல் காசு வரவேணும். இல்லாட்டி உம்மட வீட்டுக்காரருக்கு எழுதுவன். எனக்கு ஜேர்மன் பெரிசாத் தெரியாது. ஆனா கள்ளன் எண்டதுக்கு என்ன சொல்லெண்டு தெரியும்.

சிவமலர்


பிராங்பேர்ட்
17.11.2024

திருமதி சிவமலர் அவர்களுக்கு,

பணியாரத்தைத் தின்றது நான். பொதியைக் கொண்டுவந்தவர் “தபோதரனா?” என்று கேட்டார். ஓம் என்று கையெழுத்து வைத்தேன். எனக்கு வரும் பொதிகளையும் நான் இப்படித்தான் எடுக்கிறேன். மூன்று நாள் குசினியில் வைத்திருந்தேன். ஒருவரும் தேடி வரவில்லை. நாலாம் நாள் தின்றேன். சர்க்கரை கொஞ்சம் கூட. அதற்குப் பன்னிரண்டு யூரோ உள்ளே வைத்திருக்கிறேன்.

என் அடையாள அட்டையின் பிரதியும் இதனுடன் இருக்கிறது. பெயர், பிறந்த திகதி, படம். உங்களிடம் இருக்கும் தபோதரனின் படத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். அவருக்கு மீசை, கொஞ்சம் வழுக்கை. எனக்கு இரண்டும் இல்லை. இதற்குப் பிறகும் சந்தேகப்பட இடமில்லை.

வீட்டுக்காரருக்கு எழுத வேண்டாம். எழுதினால் தபோதரனுக்கு ஒன்றும் ஆகாது. நான்தான் தெருவுக்கு வருவேன். இந்த நகரத்தில் வீடு எடுப்பது எப்படி என்று உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் யாரையாவது கேளுங்கள்.

நிலக்சன்


எசன்
22.11.2024

நீர் ஆரோ, அவருக்கு,

பன்னிரண்டு யூரோவைத் திருப்பி வைச்சிருக்கிறன். நான் கடை நடத்தேல்லை.

தபோதரன்ர படத்தோட ஒப்பிடட்டாம். தபோதரனை நான் கண்ணாலயே கண்டதில்லை. என்ர மனுசன்ர கூட்டாளி ஒருத்தர் பிராங்பேர்ட்டில இருந்தவர், அவர் “நல்ல பிள்ளை, சேருங்கோ” எண்டு சொல்ல, போனிலதான் சேந்தவர். கூட்டாளியும் போய்ச் சேந்திட்டார். வட்சப்பில படம் போட்டிருந்தது உண்மை. அது பிள்ளையார் படம். அதை வைச்சு உம்மட முகத்தை எப்பிடிப் பாக்கிறது?

கார்டைப் பாத்தன். கார்ட் எனக்கு என்ன காட்டும்? கேளும். என்ர மனுசனுக்கு வேலணையில வைச்ச பேர் இராசலிங்கம். எண்பத்தெட்டாம் ஆண்டு ஏஜென்சிக்காரன் அவற்ர கையில ஒரு பாஸ்போட்டைக் குடுத்தான். அது மன்னார்ப் பக்கத்து வேதக்காரர் ஒருத்தற்ர. அந்தப் பேர் சில்வெஸ்டர். ‘இறங்கின பிறகும் இந்தப் பேரையே சொல்லு, மாத்திச் சொன்னால் திருப்பி அனுப்புவாங்கள்’ எண்டு அவன் சொல்லிவிட, இவரும் அப்பிடியே அகதியாப் பதிய, அசூலுக்குக் குடுத்திட்டார். பிறகு மாத்தப் பயம். எங்கட கலியாணம், என்ர விசா, வேலை, பென்சன் எல்லாம் அந்தப் பேரில. எங்களுக்குப் பிள்ளையள் இல்லை, இருந்திருந்தால் அதுகளும் அந்தப் பேரில.

ஜேர்மன்காரருக்கு வருசக் கடைசி நாளுக்குப் பேர் சில்வெஸ்டர். பக்டரியில ஒவ்வொரு முப்பத்தோராந் திகதியும் “உன்ர நாளப்பா, வெடி கொளுத்து” எண்டு இவரைப் பகிடி பண்ணுவினம். இவரும் சிரிப்பார். முப்பத்திரண்டு வருசம் சிரிச்சவர். அப்பிடி ஒரு மனுசனோட சீவிச்ச எனக்கு நீர் கார்டைக் காட்டுறீர்.

சிவமலர்

பி.கு: சர்க்கரை கூட எண்டு இதுவரைக்கும் ஒருத்தரும் சொன்னதில்லை.


பிராங்பேர்ட்
1.12.2024

திருமதி சிவமலர் அவர்களுக்கு,

அட்டை செல்லாது என்றால் வேறு எந்தச் சான்று செல்லும் என்று ஒரு கிழமை யோசித்தேன். ஒருவனைக் கண்டிராதவரிடம் ‘நான் அவன் இல்லை’ என்று நிரூபிக்க வழி இல்லை. இதை ஒப்புக்கொள்கிறேன்.

இன்று மேல்மாடியில் இருக்கும் ஷைஜு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். கேரளாக்காரர், ஆஸ்பத்திரியில் தாதி. ஒரு வருடமாகப் படிக்கட்டில் காணும்போதெல்லாம் “தபோ சேட்டா, சுகமா?” என்பார். நான் திருத்தியதில்லை. வீட்டுக்காரரின் காதுக்குப் போய்விடும் என்ற பயம்.

சாப்பிட்ட பிறகு ஒரு பழைய மலையாளப் படம் போட்டார். அவர்கள் ஊரில் எல்லோருக்கும் வசனம்கூட மனப்பாடமாம். ஒருவனுக்குத் தலைக்கு மேல் கடன். கடன்காரர்களுக்குப் பயந்து வேறு ஊரில் வேறொருவன் பெயரில் போய் இருக்கிறான். பார்த்தால் அந்த வேறொருவனுக்கு இவனைவிடக் கடன் அதிகம். ஷைஜு சிரித்துச் சிரித்துக் கதிரையில் இருந்து விழப் பார்த்தார். எனக்கு எரிச்சல் வந்தது. “இவன் எழும்பி ‘நான் அவன் இல்லை’ என்று ஒருதரம் ஒழுங்காகச் சொன்னால் பத்து நிமிடத்தில் படம் முடிந்துவிடுமே” என்றேன்.

“சொன்னா ஆரு விஸ்வசிக்கும் சேட்டா?” என்றார் ஷைஜு.

உங்களை நினைத்தேன்.

முடிவைப் பார்க்கவில்லை. வேலையில் இருந்து அழைப்பு வந்தது. ஓர் அடுக்குமாடியில் லிப்ட் நின்று ஒரு கிழவர் உள்ளே மாட்டிக்கொண்டார். மாட்டியவரிடம் முதலில் பெயரைக் கேட்க வேண்டும் என்று எங்களுக்குப் படிப்பித்திருக்கிறார்கள். பெயரைச் சொன்னதும் ஆளுக்கு மூச்சு கொஞ்சம் சீராகும். பிறகு கதவு திறக்கும்வரை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இன்றும் செய்தேன். வரும் வழியில், நான் உள்ளே மாட்டினால் எதைச் சொல்வேன் என்று யோசித்தேன். வேலையில் என்னை வண்டி இலக்கத்தால் கூப்பிடுவார்கள். வீட்டில் நான் தபோதரன். நான் இங்கே செத்தால் தபோதரன் செத்தான் என்றுதான் எழுதுவார்கள். ஊரில் அம்மா என் பெயரைச் சொல்வா. அதுவும் ஞாயிற்றுக்கிழமை, போனில்.

ஒன்று கேட்கிறேன். பிழை என்றால் பதில் எழுத வேண்டாம். வெளியில் அவர் சில்வெஸ்டர். வீட்டுக்குள் நீங்கள் அவரை எந்தப் பெயரால் கூப்பிட்டீர்கள்?

நிலக்சன்


எசன்
6.12.2024

தம்பிக்கு,

நீர் தபோதரன் எண்டால் இதை வாசிச்சாவது காசை அனுப்பும். இல்லையெண்டால், வாசிச்சது வாசிச்சதாய்ப் போகட்டும்.

நீர் சொல்லுற மாதிரி ஒரு படம் நாங்களும் பாத்தனாங்கள். அதே படமோ தெரியாது. தொண்ணூற்றிரண்டில, அகதியள் இருந்த ஹைமில. ஒரு கேரளத்து நேர்ஸ் பிள்ளை வீடியோ கசட் கொண்டுவந்தவ. எங்களுக்குப் பாதி பாசை விளங்கேல்லை. ஆனா கடனும் ஆள்மாறாட்டமும் எங்களுக்குப் பாசையில்லாமலே விளங்குமே. இருவது பேர் ஒரு அறைக்குள்ள. எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சது. இவர்தான் எல்லாரையும் விடச் சிரிச்சவர். பிறகு பாத்தால் ஆள் இல்லை. வெளியில சைக்கிள் கொட்டிலுக்க நிண்டு அழுதுகொண்டு நிக்கிறார். “இஞ்சாருங்கோ, என்ன?” எண்டன். “ஒண்டுமில்லை, படம் நல்லாயிருக்கு” எண்டார். முடிவை நாங்களும் பாக்கேல்லை.

கேட்டீரே, என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டனான் எண்டு. நான் ஒரு பேரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்கட ஊரில மனுசன்ர பேரைப் பெண்சாதி சொல்லுறதில்லை. “இஞ்சாருங்கோ” எண்டால் அவருக்குத் தெரியும். அவர் “இஞ்சாரும்” எண்டால் எனக்குத் தெரியும். வெளியில எல்லாருக்கும் சில்வெஸ்டர், உள்ளுக்கு இஞ்சாருங்கோ. அவற்ர தாய் இருக்குமட்டும் போனில “இராசு” எண்டு கூப்பிடுவா. தாயும் போன பிறகு அந்தப் பேரைச் சொல்ல இந்த உலகத்தில ஒரு வாய் இல்லை. அந்த நேரம் எனக்கு இது விளங்கேல்லை.

எரிக்கிற இடத்தில பெட்டியில சில்வெஸ்டர் எண்டுதான் ஒட்டியிருந்தது. ஐயர் என்னைப் பாத்து “பேர் சொல்லுங்கோ” எண்டார். ஜேர்மன்காரர் பக்கத்தில நிக்கினம். நான் ஐயற்ர காதுக்குள்ள சொன்னன். முப்பது வருசத்தில அண்டைக்குத்தான் முதன்முதல் என்ர வாயால அந்தப் பேரைச் சொன்னது. கேக்க அவர் இல்லை.

மணியில இன்னும் சில்வெஸ்டர்தான் இருக்கு. என்னையும் கீழ்வீட்டுக்காரி ஃபிரவ் சில்வெஸ்டர், திருமதி சில்வெஸ்டர் எண்டுதான் கூப்பிடுறது.

உமக்கு இதையெல்லாம் ஏன் எழுதுறன் எண்டு தெரியேல்லை. தைக்கு இன்னும் ஐஞ்சு கிழமை இருக்கு. காசு காசுதான்.

சிவமலர்


பிராங்பேர்ட்
15.12.2024

திருமதி சிவமலர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பல தடவை வாசித்தேன். நடந்ததை எழுதுகிறேன்.

இந்த மாத வாடகையை நான் போடவில்லை. போடாவிட்டால் தபோதரன் தானாக அழைப்பார் என்று கணக்குப் போட்டேன். கணக்குப் பிழையாகவில்லை. பத்தாம் திகதி, தெரியாத இலக்கத்தில் இருந்து அழைத்தார்.

“தம்பி, என்ன மாதிரி? சாப்பிட்டீரோ?”

“சாப்பிட்டன். வாடகை போடேல்லை. போடவும் மாட்டன்.”

“சீ, சீ, அதுக்கென்ன, ஆறுதலாப் போடும். உடம்பு சுகமோ? அங்க இப்ப நல்ல குளிர் என்ன?”

“சிவமலர் அக்கான்ர சீட்டுக் காசு எங்க?”

பின்னால் ஒரு குழந்தை அழுதது.

“பாவம் அன்ரி. நல்ல மனுசி. தீபாவளிக்குப் பணியாரம் அனுப்புவா. இந்தமுறை அனுப்பினவவோ?”

“அனுப்பினவ. நான் திண்டிட்டன்.”

“அமிர்தம் என்ன?”

“காசு எப்ப குடுப்பீங்கள்?”

“குடுப்பம் தம்பி, குடுப்பம். ஆர் குடுக்காமல் விடுறது? நான் ஒரு இடமும் ஓடேல்லையே.”

“இப்ப எங்க இருக்கிறீங்கள்?”

துண்டித்துவிட்டார். திருப்பி எடுத்தால் அந்த இலக்கம் வேலை செய்யவில்லை.

ஒன்றை மறைக்காமல் எழுத வேண்டும். அவர் “சாப்பிட்டீரோ” என்று கேட்டதும் நான் “சாப்பிட்டன்” என்றேன். நான் சாப்பிட்டிருக்கவில்லை. இந்த வருடம் ஜேர்மனியில் என்னிடம் அதைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். ஒரு விநாடிக்கு எனக்கு நன்றாக இருந்தது. அதன் பிறகுதான் கோபம் வந்தது. நீங்கள் ஏன் முகம் பார்க்காமல் அவரை நம்பினீர்கள் என்று இப்போது விளங்குகிறது. முதல் கடிதத்தில் பிழையான அமைப்பு என்று எழுதினேன். அதை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் நானும் அதே கம்பியில்தான் தொங்கினேன்.

வெள்ளிக்கிழமை வீட்டுக்காரரிடம் இருந்து தபோதரன் பெயருக்குக் கடிதம் வந்தது. நான் போட்ட வாடகையை அவர் மூன்று மாதமாக வீட்டுக்காரருக்குக் கட்டவில்லை. தை முடிவில் வீட்டை விட வேண்டும்.

ஆகவே நீங்கள் வீட்டுக்காரருக்கு எழுதினாலும் இனி எனக்கு நட்டம் இல்லை. எழுதுவதென்றால் எழுதுங்கள்.

நிலக்சன்


எசன்
20.12.2024

தம்பி நிலக்சனுக்கு,

இந்தப் பேரால உம்மை இண்டைக்குத்தான் கூப்பிடுறன். ஆனா நீர் தபோதரன் இல்லையெண்டு எனக்கு முந்தியே தெரியும். சர்க்கரை கூட எண்டு எழுதினீரே, அண்டைக்கே தெரியும். தபோதரன் எண்டால் அமிர்தம் எண்டிருப்பார். உம்மட கடிதத்தில ஒரு நல்ல சொல்லு இல்லை, ஒரு ‘சுகமோ’ இல்லை. ஏமாத்த வந்தவன் இப்பிடி எழுதமாட்டான். கார்டைவிட அது பெரிய அத்தாட்சி.

தெரிஞ்சும் ஏன் தெரியாத மாதிரி எழுதினன் எண்டு கேப்பீர். நீர் தபோதரன் இல்லையெண்டு ஒத்துக்கொண்டால் எனக்குக் கடிதம் எழுத ஆள் இல்லை. ஆறு கடிதம் எழுதி ஒரு பதிலும் இல்லாமல் இருந்தனான். ஏழாவதுக்குப் பதில் வந்தது. திட்டி வந்தாலும் பெட்டிக்குள்ள என்ர பேருக்கு ஒரு கடிதம். அதுவும் சில்வெஸ்டர் இல்லை, திருமதி சிவமலர் எண்டு.

தபோதரன் மாசம் ஒருக்கா எடுத்து “அன்ரி, சாப்பிட்டீங்களோ” எண்டு கேட்டவர். இவர் போன பிறகு அதைக் கேட்டது அவர் மட்டும்தான். பாக்கப்போனால் அதுக்குத்தான் அவ்வளவு காசும் குடுத்தன் போல.

சனிக்கிழமை தமிழ்க் கடையில தேவமலர் என்னை மறிச்சவ. அரிசி மூட்டையளுக்குப் பக்கத்தில, எல்லாரும் பாக்க. “அக்கா, பொங்கலுக்குக் காசு வருமோ வராதோ? மகளுக்குப் படிக்கப் போற இடத்தில ரூமுக்கு முற்பணம் கட்டவேணும், நான் உங்களை நம்பித்தான் கடைசிச் சீட்டு எண்டு விட்டனான்” எண்டா. அவ கத்தேல்லை. கத்தியிருந்தால் நான் கத்தியிருப்பன். தபோதரன் கட்டேல்லை எண்டு கேள்விப்பட்டு இன்னும் இரண்டு பேர் கட்டுறதை நிப்பாட்டிட்டினம். அவரோட சேத்து, என்ர பங்கோட, அதுதான் அந்த இரண்டாயிரம். என்ர காப்பும் கார்த்திகையிலயே அடகுக்குப் போட்டுது.

புதுச் சீட்டு ஒண்டு தொடங்கினால் முதல் சீட்டு பிடிக்கிற ஆளுக்கு. வழக்கம் அதுதான். அதை எடுத்துத் தேவமலருக்குக் குடுத்துப்போட்டு, பிறகு மாசாமாசம் நான் கட்டி முடிக்கலாம். கட்டுவன், கன்டீனில இன்னும் வேலை இருக்கு. ஆனா இனி ஆர் என்னை நம்பிச் சீட்டுக்கு வருவினம்? தேவமலரிட்டை நேர போய் இல்லையெண்டு சொல்லப்போறன். அதுக்குப் பிறகு எசனில ஒருத்தற்ர முகத்திலயும் முழிக்க ஏலாது.

உம்மட வீட்டுப் பிரச்சினைக்குள்ள என்ர பிரச்சினையைத் திணிச்சதுக்கு மன்னிக்க வேணும். தபோதரன்ர கணக்கு என்னோட போகட்டும். இனி எழுதேல்லை. கவனமா இரும்.

சிவமலர்


பிராங்பேர்ட்
26.12.2024

சிவமலர் அக்காவுக்கு,

அன்ரி என்று எழுதமாட்டேன். அந்தச் சொல்லைத் தபோதரன் பாவித்து முடித்துவிட்டார்.

இனி எழுதமாட்டேன் என்று நீங்கள் எழுதியதை நான் ஏற்கவில்லை. நத்தார் விடுமுறையில் வீட்டில்தான் இருந்தேன். மேலே ஷைஜு வீட்டில் ஆட்கள் வந்து சிரித்த சத்தம் கேட்டது. உங்கள் கடிதங்களை மேசையில் வைத்துக்கொண்டு கணக்குப் பார்த்தேன். பிறகு மேலே போய்க் கதவைத் தட்டினேன்.

“வா வா, தபோ சேட்டா!” என்றார்.

“நான் தபோதரன் இல்லை. நிலக்சன்” என்றேன்.

நாலு தாதிமார் சாப்பாட்டுக் கோப்பையோடு என்னைப் பார்த்தார்கள். ஷைஜு, “ஒரு கொல்லம், ஒரு வருஷம் முழுக்க நான் வேறே ஆளையா விளிச்சது?” என்று கேட்டுச் சிரிக்கத் தொடங்கினார். அந்தப் படத்துக்குச் சிரித்ததைவிடக் கூட. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உங்கள் சீட்டைப் பற்றிச் சொன்னேன். விளக்கவே தேவைப்படவில்லை. அவர்கள் ஊரிலும் இருக்கிறதாம், குறி என்பார்களாம். “பிடிக்கிற சேச்சி ஒருத்தன் ஓடினதுக்கு எட்டு மாசம் கையில இருந்து கட்டினாங்களா? அப்போ அவங்களை நம்பாம வேறே ஆரை நம்புறது?” என்று ஒரு தாதி கேட்டா. எட்டு மாதமாக எசனில் ஒருவரும் இதை இப்படிப் பார்க்கவில்லையா என்று எனக்கு ஆச்சரியம்.

பழைய ஓட்டையைப் புதுத் தகட்டால் அடைக்கிற வேலைதான் இது. தெரியும். ஆனால் இந்தத் தகடு தாங்கும்.

நான் செய்யப்போவது:

1. நாளை காலை வீட்டுக்காரரின் அலுவலகத்துக்குப் போய் உண்மையைச் சொல்வேன். என் பெயரில் ஒப்பந்தம் கேட்பேன். தந்தால் இருப்பேன். தராவிட்டால் ஷைஜுவின் சோபா இருக்கிறது, கேட்டுவிட்டேன்.

2. என்ன பதில் வந்தாலும், தபோதரனின் பெயரை மணியில் இருந்து கழற்றி என் பெயரைப் போடுவேன். ஒரு நாளைக்கென்றாலும் போடுவேன்.

3. தபோதரன் மேல் பொலிசில் முறைப்பாடு கொடுப்பேன். என்னுடைய மூன்று மாத வாடகைக்கு. உங்கள் பங்கைப் பற்றி நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் பின்னால் அழுத குழந்தையை நினைத்து நான் இரண்டு கிழமை பிந்தினேன். இனிப் பிந்தமாட்டேன்.

4. புதுச் சீட்டுக்குப் பத்துப் பேர், ஆளுக்கு இருநூறு. நீங்கள், நான், ஷைஜு, நாலு தாதிமார். மிச்ச மூன்று பேரை நீங்கள் எசனில் பிடிக்க வேண்டும். தேவமலரையும் கேளுங்கள். முதல் சீட்டு உங்களுக்கு, வழக்கப்படி.

5. கடைசிச் சீட்டு எனக்கு. வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

6. போனில் ஆள் சேர்க்க விடமாட்டேன். பத்துப் பேரும் உங்கள் முன்னால் வந்து இருந்து, வாயால் பெயர் சொல்லிச் சேர வேண்டும்.

7. முப்பத்தோராம் திகதி மத்தியானம் ரயிலில் எசனுக்கு வருகிறேன். அன்று சில்வெஸ்டர் என்ற பெயருக்குரிய நாள், ஊர் முழுக்க வெடி வெடிக்கும். ஷைஜுவிடம் அந்தப் படத்தை வாங்கிக்கொண்டு வருவேன். முடிவை இரண்டு பேரும் பார்க்கவில்லை.

8. மணியில் சில்வெஸ்டர் என்று இருப்பதை அமத்துவேன். நீங்கள் “ஆர்?” என்று கேட்பீர்கள். என் பெயரைச் சொல்வேன். மேலே வந்ததும் இராசலிங்கம் அண்ணையின் படம் எங்கே என்று கேட்பேன். அந்தப் பெயரைச் சொல்லி, சத்தமாக.

9. சாப்பிட்டீங்களோ என்று கேட்கமாட்டேன். சாப்பிடாமல் வருகிறேன்.

நிலக்சன்